வண்டிச் சுவட்டில் இருவர்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

பயண இலக்கியம் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது, ஏ. கே. செட்டியாரைப் பற்றித்தான் பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். பேசியிருக்கலாம். ஆனால் பண்டாரவளையில் வாழும் ஒரு தமிழாசிரியனுக்கு, பக்கத்து மலைச்சரிவில் வண்டிகட்டிப் போன ஒரு கணவனையும் மனைவியையும் விட்டுவிட்டு வேறு எங்கோ போக மனம் வரவில்லை. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் அவருடைய முதல் மனைவி எதெல் மேரியுமே அந்த இருவர்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஓகஸ்ட் 22 இல் கொழும்பில் பிறந்தவர். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863 இல் வெளியிட்டவர். தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. இரண்டு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்து, கல்லையும் மண்ணையும் படித்து, நிலநூல் வல்லுநராகத் தாய்நாடு திரும்பியது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளர் அவரே. கலை பற்றி எழுதத்தான் பிறந்தவர் என்று நாம் இன்று நினைக்கிறோம். அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது கல் பொறுக்குவதற்கு.

எதெல், பார்ன்ஸ்டபிள் என்னும் ஆங்கிலச் சிற்றூரின் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகள். 1902 இல் திருமணம். அடுத்த ஆண்டு இலங்கை. மாட்டு வண்டியில் கூடாரத்தையும் சட்டிபானையையும் புகைப்படக் கருவியையும் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக் கிராமங்களில் இருவரும் அலைந்தார்கள். அந்நாளில் புகையிரதம் நமது பண்டாரவளையோடு நின்றுவிடும். 1894 இல் இங்கு வந்த பாதை பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆயிற்று. அதற்கப்பால் வண்டி, வண்டி போகாத இடத்துக்குக் கால்.

கணவர் கல்லைத் தேடினார். பலாங்கொடைப் பகுதியில் அவர் கண்டெடுத்த கனிப்பொருள் ஒன்று 1904 இல் புதியதென அறியப்பட்டுத் தோரியனைற்று என்று பெயர் பெற்றது. விஞ்ஞானப் பாடத்தில் இது வருகிறதோ இல்லையோ, பலாங்கொடை போகும் பஸ்ஸில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் எங்கள் மாணவர்கள் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள். அது போதும் எனக்கு.

கல்லைத் தேடிப் போன இடத்தில் கொல்லரைக் கண்டார், பித்தளை வார்ப்பவரைக் கண்டார், பாய் இழைக்கும் பெண்களைக் கண்டார். பலாங்கொடைப் பக்கத்து ஹத்தரபாகே என்ற ஊரில், வழக்கொழியும் தறுவாயில் இருந்த இரும்பு உருக்கும் தொழிலைச் செய்துகாட்டச் சொல்லி, அடுப்பு, துருத்தி, மண், கரி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். இதை வெறும் பழம்பொருள் ஆசை என்று நினைத்தவர்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் சமனல வாவியில் நீர் தேக்குவதற்கு முன்னர் நடந்த அகழ்வாய்வில், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. மேற்குப் பார்த்த சரிவுகளில், 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அதைப் போன்ற உலையைக் கட்டி உருக்கிக் காட்டி, 1996 இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஹப்புத்தளைக் கணவாயில் ஆடிக் காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கும்போது நாம் ஏசுகிறோம். அதே காற்றை வேலைக்காரனாக வைத்திருந்தார்கள் இந்தச் சரிவுகளில் வாழ்ந்தவர்கள்.

இனி எதெலுக்கு வருகிறேன். உண்மையில் இன்றைய பேச்சு அவரைப் பற்றியதுதான்.

‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூல் 1908 இல் இங்கிலாந்தில் அச்சாயிற்று. வில்லியம் மொரிஸ் தமது சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சு இயந்திரத்தில், ஏறத்தாழப் பதினைந்து மாதம் உழைத்து, 425 பிரதிகள் மட்டும் எடுத்தார்கள். அந்த நூலின் புகைப்படங்கள் எதெல் எடுத்தவை. தையல்வேலைப்பாடு பற்றிய பகுதிக்கும் அவருடைய அறிவே ஆதாரம். ஊசி எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளிவருகிறது என்பதை, பெண்களோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து கையால் தைத்துப் பார்த்தவரால்தானே எழுத முடியும்? புகழ் பெற்ற ஆண் அறிஞர் ஒருவருக்குக் கிராமத்து வீட்டில் முன்விறாந்தை வரைக்குத்தான் அனுமதி. அதற்கு உள்ளே போனது மனைவியின் கண்.

குமாரசுவாமி இதை மறைத்தவர் அல்லர். மனைவியின் பங்கை நூலிலேயே சொல்லியிருக்கிறார். மறந்தவர்கள் பின்வந்த நாங்கள். பல்கலைக்கழகத்தில் நான் படித்த காலத்தில் கலாயோகியைப் பற்றி இரண்டு விரிவுரைகள் கேட்டேன். எதெல் என்ற பெயர் ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. அந்த அம்மையார் பின்னர் அவரைப் பிரிந்து, எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறிக் கலைஞராகவும், இயற்கைச் சாயங்களில் வல்லவராகவும் விளங்கி 1952 இல் மறைந்தார். கண்டி நாட்டுத் திண்ணைகளில் கற்றதற்கும் அந்தத் தறிக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

குமாரசுவாமியின் இல்லறம் பற்றி இந்த நிகழ்ச்சியில் வம்பு பேசுவது முறையன்று. எனினும் பயணம் என்ற பொருளுக்காக இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும். இரண்டாவது மனைவி அலிஸ் றிச்சட்சன் வட இந்தியாவில் முறையாகப் பாட்டுப் பயின்று, இரத்தினதேவி என்ற பெயரில் பஞ்சாப், காஷ்மீரப் பாடல்கள் முப்பதை எழுத்தில் பதித்தார். அந்நூல் 1913 இல் வந்தது. பின்னர் 1920 இல், ஸ்டெல்லா புளொக் என்ற இளம் நடனக் கலைஞரோடு ஆசியாவையே சுற்றிவந்தார் குமாரசுவாமி. யப்பான், சீனா, கம்போடியா, யாவா, பாலி, இந்தியா, இலங்கை என்று நீண்ட பயணம் அது. இருவரும் மணந்துகொண்டது 1922 இல். அதே ஆண்டு ஸ்டெல்லா கீழைத்தேய, மேலைத்தேய நடனம் பற்றித் தம் பெயரிலேயே நூல் வெளியிட்டார். 1927 இல் வெளிவந்த குமாரசுவாமியின் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றில் அங்கோரும் பிரம்பனானும் போரோபுதூரும் மதுரையோடும் அனுராதபுரத்தோடும் ஒரே அட்டைக்குள் வந்து அமர்ந்தன. வண்டியில் தொடங்கியது கப்பலில் வளர்ந்தது என்று சொல்லலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நேயர்களில் தோட்டத்தில் இருந்து கேட்பவர்களுக்கு இது முன்னரே தோன்றியிருக்கும். 1903 இல் அந்த மாட்டு வண்டி போன பாதையின் இருமருங்கிலும் தேயிலை இருந்தது. லயங்கள் இருந்தன. இலட்சக்கணக்கில் எங்கள் பாட்டன் பாட்டிமார் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். மாசி மாதத்தில் அவர்கள் காமன் ஊன்றினார்கள், தப்பு அடித்தார்கள், அருச்சுனன் தபசு ஆடினார்கள். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அந்தப் பெரியவரின் நூலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. நூலின் தலைப்பே வேறு, எடுத்துக்கொண்ட பொருள் வேறு. எனவே இதைக் குற்றமாகச் சொல்வது நியாயமன்று என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மனம் கேட்பதில்லை. அந்தக் கருவி ஒரே ஒரு தடவை லயத்துப் பக்கம் திரும்பியிருந்தால்!

எனக்கு இதில் வேதனை மட்டுமல்ல, வியப்பும் உண்டு. யாவாவில் 11 ஆம் நூற்றாண்டில் ம்பு கண்வா என்ற புலவர் இயற்றிய ‘அர்ஜுனவிவாஹ’ காவியம், பாசுபதம் வேண்டி அருச்சுனன் தவம் இருந்த கதைதான். அடுத்த நூற்றாண்டில் அங்கே ‘ஸ்மரதகனம்’ என்றொரு காவியம் பிறந்தது. ஸ்மரன் என்றால் காமன். சிவனின் நெற்றிக்கண்ணால் அவன் எரிந்த கதை. ஊவாத் தோட்டங்களில் மூங்கிலும் தகரமும் கட்டிய பந்தலில் விடிய விடிய ஆடப்படும் இரண்டு கதைகள், யாவாவின் அரசவையில் காவியங்களாக இருந்திருக்கின்றன. சிவநடனம் பற்றி 1912 இல் ‘சித்தாந்த தீபிகை’யில் கட்டுரை எழுதி உலகை அதிரவைத்தவர், பலாங்கொடைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் ஏதாவதொரு தோட்டத்தில் மாசிப் பௌர்ணமியன்று வண்டியை நிறுத்தியிருந்தால், மதனை எரிக்கும் சிவனையே நேரில் கண்டிருப்பார்.

தோட்டத்துக்குள் போன தம்பதியர் பிறகு வந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும். நடேசய்யர் புடவை வியாபாரிபோல் வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்த கதை பலரும் அறிந்ததே. மீனாட்சி அம்மையார் தாமே பாட்டெழுதி, தோட்ட மக்கள் முன் பாடி, அச்சிட்டுக் கொடுத்தார். அது போராட்டப் பயணம். வேறு நாளைக்குரிய விடயம். குமாரசுவாமி பொஸ்டனுக்கு அருகிலும் நடேசய்யர் இலங்கையிலும் 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

எதெல் என்ற பெயரை நான் எப்படிக் கண்டேன் என்று சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் பட்டணத்துப் பிள்ளை; அப்பா பண்டாரவளையில் கடை வைத்திருந்தார். என் மனைவி தோட்டத்தில் பிறந்தவர், அவரும் ஆசிரியை. 2008 இல், திருமணமான புதிதில், காமன் கூத்துப் பாடல்களைத் திரட்டும் ஆசையில் ஒரு கசெற் ஒலிப்பதிவுக் கருவியோடு இருவரும் தோட்டம் தோட்டமாகப் போனோம். நான் கூத்து வாத்தியாரோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து, எரிந்த கட்சி எரியாத கட்சி லாவணியைப் பதிவுசெய்ய முயன்றேன். அவர் நல்ல பாடகர்; ஆனால் ரதியின் புலம்பலுக்கு வந்ததும் பாதியில் நின்றுவிடுவார். “மறந்துபோச்சு சேர், அது பெரிய பாட்டு” என்பார்.

என் மனைவி அந்நேரம் உள்ளே குசினியில் இருந்தார். அங்கே ஓர் அம்மாயி, அடுப்பை ஊதிக்கொண்டே, அந்தப் பாட்டை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். கூத்தில் ரதி வேடம் கட்டுவது பையன்கள். பெண்கள் களத்தில் ஏறியதில்லை. நாற்பது வருடம் சாக்கை விரித்துக் கீழே உட்கார்ந்து கேட்டுக் கேட்டே அம்மாயிக்கு அது மனப்பாடம். “நா பாடுனேன்னு ஆம்பளைங்ககிட்ட சொல்லிராதீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுத்தான் பாடினாராம். புருஷனைப் பறிகொடுத்த தங்கையை நினைத்து நடுவில் இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறார். அப்படி ஏழு பெண்களிடம், ஏழு குசினிகளில், என் மனைவி பதிவுசெய்து வந்தார். இரவில் உட்கார்ந்து அவரே எழுதியும் வைத்தார்.

நான் கட்டுரை எழுதினேன். சஞ்சிகை ஒன்றில் வந்தது. பாராட்டினார்கள். பாடல்கள் ‘கூத்துக் குழுவினரிடமிருந்து பெறப்பட்டவை’ என்று அடியில் எழுதியிருந்தேன். பெண்களின் பெயரை வெளியிடாதது அவர்கள் கேட்டுக்கொண்டதால் என்று சமாதானம் சொல்லலாம். என் மனைவி பெயரை வெளியிட வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லையே.

அவர் சண்டை பிடிக்கவில்லை. சஞ்சிகையைப் படித்து மடித்து வைத்துவிட்டு, “அம்மாயி பாட்ட வாத்தியார் பாட்டுன்னு போட்டுட்டீங்களே” என்றார். தம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை. பல வருடம் கழித்து, மாணவர்களுக்காகக் கலாயோகி பற்றிக் குறிப்பெடுக்கையில் புகைப்படங்கள் யார் எடுத்தவை என்ற விபரம் கண்ணில் பட்டது. கையில் பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். குமாரசுவாமியாவது மனைவியின் பங்கைச் சொல்லியிருந்தார்.

அந்த ஏழு பேரில் மூவர் இன்று இல்லை. கசெற்றுகளில் இரண்டு பூஞ்சணம் பிடித்துவிட்டன. மலைநாட்டு ஈரத்தில் எதுவும் தப்பாது. மிகுதியைத் தொலைபேசிக்கு மாற்றியிருக்கிறோம். சென்ற வருடம் அம்மாயியிடம் இருவருமாகப் போனோம். இந்தத் தடவை நான் இஸ்தோப்பில் இருக்கவில்லை. குசினி வாசலில் பலகை போட்டு உட்கார்ந்தேன். பெயர் போட்டுப் புத்தகமாக்கலாமா என்று என் மனைவிதான் கேட்டார். அம்மாயி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “வாத்தியாரும் செத்துப்போயிட்டாரு, இனி யாரு கேக்கப்போறா? போடுங்க. எந்தங்கச்சி பேரையும் சேத்துப் போடுங்க” என்றார்.

கையெழுத்துப் பிரதி இப்போது என் மனைவியிடம் இருக்கிறது. தொகுப்பாசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர். எனக்கு எழுத்துப்பிழை திருத்தும் வேலை. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் அம்மாயி தொண்டை கட்டி விட்டுவிட்ட இரண்டு அடிகள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. வருகிற மாசியில் போகவேண்டும்.