எந்த ஊர் ஆம்பளை நீங்க? கேன்சரும் ஒரு மேப்பும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கணக்கோட ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு பேரை மனசுல வச்சுக்கோங்க. ரெண்டு பேருமே ஆண்கள், ரெண்டு பேருக்கும் வயசு 30. ஒருத்தர் வடகிழக்கு இந்தியாவுல இருக்கார். இன்னொருத்தர் பீகார்ல. இவங்க 70 வயசுக்குள்ள கேன்சர்ல சாகிற வாய்ப்பு எவ்வளவு? வடகிழக்குல இருக்கிறவருக்கு ஏறத்தாழ 11 சதவீதம். பீகார், ஜார்கண்ட், ஒடிசாவுல இருக்கிறவருக்கு 3 சதவீதத்துக்கும் கம்மி. ரயில்ல ஒரு நாள், ஒண்ணரை நாள் தூரம்தான். ஆனா சாவுக்கணக்கு மூணு மடங்குக்கு மேல மாறுது.

இதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல வந்த சந்தேகம், உங்களுக்கும் வந்திருக்கும். "பீகார்ல டெஸ்ட் பண்றதே கம்மி, அதனால கணக்குல வரல, அவ்வளவுதானே?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா இந்த எண் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்கணும். அதுக்கு முன்னாடி என் பெரியப்பாவைப் பத்திச் சொல்லிடறேன்.

பெரியப்பா வெத்தலை, பாக்கு, பொகையில போடுவார். கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு வந்துச்சு. "பல்லு குத்துதுடா"ன்னு சொல்லிட்டு மருந்துக்கடையில பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டார். அஞ்சு மாசம் அப்படியே போச்சு. அப்புறம் கழுத்துல கட்டி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ, ரொம்ப லேட்டுன்னு சொல்லிட்டாங்க. கடைசி நாள்கள் வீட்டுலதான். இறப்புப் பதிவுல காரணம்னு இருந்த இடத்துல "இயற்கை மரணம்"னு எழுதி வாங்கிட்டு வந்தாங்க. அவருக்கு அப்போ வயசு 61.

அரசாங்கக் காகிதத்தைப் பொறுத்தவரை என் பெரியப்பா கேன்சர்ல சாகல. இந்தியாவுல நிறைய சாவு இப்படித்தான், வீட்டுல, டாக்டர் சான்று இல்லாம நடக்குது. ஆஸ்பத்திரி ரெக்கார்டை மட்டும் வச்சு மேப் போட்டா, அது கேன்சர் மேப்பா இருக்காது. ஆஸ்பத்திரிகள் எங்கே இருக்குங்கிற மேப்பாத்தான் இருக்கும்.

இந்தப் பிரச்சினைக்காகவே செய்யப்பட்டதுதான் 'மில்லியன் டெத் ஸ்டடி'ங்கிற ஆய்வு. பிரபாத் ஜா தலைமையில, இந்தியாவின் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோட சேர்ந்து நடந்தது. 2001ல இருந்து 2003 வரைக்கும், நாடு முழுக்க 11 லட்சம் வீடுகள்ல நடந்த 1,22,429 மரணங்களை எடுத்துக்கிட்டாங்க. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீட்டுக்கே போய், "என்ன ஆச்சு? முதல்ல என்ன தெரிஞ்சுச்சு? எத்தனை நாள் கஷ்டப்பட்டாரு?"ன்னு குடும்பத்துக்கிட்ட கேட்டு எழுதினாங்க. அந்தக் குறிப்பை ரெண்டு டாக்டர்கள் தனித்தனியாப் படிச்சு, சாவுக்குக் காரணம் என்னன்னு முடிவு பண்ணாங்க. இதுக்குப் பேர் வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை. வெளியில கட்டி, புண்ணுன்னு தெரியாத சில கேன்சர்கள் இதுலயும் தப்பிப் போகலாம். ஆனா என் பெரியப்பா மாதிரி ஒருத்தர் தப்ப மாட்டார். எங்க பெரியம்மாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசினாப் போதும், அது வாய் கேன்சர்னு தெரிஞ்சுடும்.

இந்த ஆய்வோட கேன்சர் முடிவுகள் 2012ல லான்செட் இதழ்ல வந்துச்சு. 2010ல மட்டும் இந்தியாவுல 5,56,400 பேர் கேன்சர்ல இறந்திருப்பாங்கன்னு மதிப்பிட்டாங்க. அதுல 71 சதவீதம் பேர் 30 வயசுல இருந்து 69 வயசுக்குள்ள இருக்கிறவங்க. அதாவது சம்பாதிச்சுக்கிட்டு, பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டிக்கிட்டு இருக்கிற வயசு. அந்த வயசு ஆண்களைக் கொன்னதுல முதல் இடம் வாய், தொண்டை கேன்சருக்கு. ரெண்டாவது இரைப்பை. மூணாவது நுரையீரல். மேலை நாடுகள்ல ஆண்களோட பட்டியல்ல பொதுவா நுரையீரல்தான் முதல்ல நிற்கும். நம்ம ஊர்ல அதை விட ரெண்டு மடங்கு பேர் வாய் கேன்சர்ல போறாங்க.

இப்போ சிட்டியில வளர்ந்த நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கு. "கிராமத்துல கேன்சரே கிடையாது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு. நாமதான் பிளாஸ்டிக் டப்பாவுல பிரியாணி சாப்பிட்டுக் கெட்டுப்போறோம்." ஆய்வு என்ன சொல்லுதுன்னா, 30 முதல் 69 வயசு ஆண்கள்ல ஒரு லட்சம் பேருக்கு நகரத்துல 102.4 சாவு, கிராமத்துல 95.6. கிட்டத்தட்ட ஒண்ணுதான். கிராமமா நகரமாங்கிறதை விட, எந்த மாநிலம்ங்கிறதுதான் பெரிய வித்தியாசம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. படிப்பு. எழுதப் படிக்கத் தெரியாத ஆண்கள்ல ஒரு லட்சத்துக்கு 106.6 சாவு. அதிகம் படிச்சவங்கள்ல 45.7. பாதிக்கும் கம்மி. பணக்காரங்க வியாதின்னு யாராவது சொன்னா இந்த ரெண்டு எண்ணையும் சொல்லுங்க.

சரி, இவ்வளவு நேரம் பேசினது சாவு பத்தி. நோய் எத்தனை பேருக்கு வருதுங்கிறதுக்கு வேற ஒரு ஏற்பாடு இருக்கு: தேசிய புற்றுநோய்ப் பதிவேடு. இது 1982 ஜனவரியில இருந்து தகவல் சேகரிக்குது. ஆரம்பத்துல இருந்தே இருக்கிற ஊர்கள்ல சென்னையும் ஒண்ணு; அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்தான் அந்த வேலையைச் செய்யுது. 2020ல வந்த அறிக்கையின்படி, ஆண்கள்ல நாட்டிலேயே அதிகம் மிசோரத்தோட அய்சால் மாவட்டம். லட்சத்துக்கு 269.4. கம்மி, மகாராஷ்டிராவுல உஸ்மானாபாத்–பீட் பகுதி. லட்சத்துக்கு 39.5. கிட்டத்தட்ட ஏழு மடங்கு! அய்சால்ல பிறக்கிற நாலு ஆண்கள்ல ஒருத்தருக்கு 74 வயசுக்குள்ள கேன்சர் வர வாய்ப்பு இருக்குன்னு அந்த அறிக்கை சொல்லுது.

இங்க ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம். வயசானவங்க அதிகமா இருக்கிற ஊர்ல கேன்சர் எப்படியும் அதிகமாத்தான் இருக்கும். அதனால ரெண்டு ஊரை நேரடியா ஒப்பிட்டா ஏமாந்துடுவோம். எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி வயசு அமைப்பு இருந்தா எவ்வளவு இருக்கும்னு சரிபண்ணித்தான் இந்த எண்களைத் தர்றாங்க. ஆக, வயசு இந்த ஏழு மடங்குக்குக் காரணம் இல்ல.

அப்போ ரத்தத்துல, ஜீன்ல இருக்கா? ஓரளவு இருக்கலாம். ஆனா ஒரு பழைய பாடத்தை நினைச்சுப் பாருங்க. ஜப்பான்ல இரைப்பை கேன்சர் ரொம்ப அதிகம். அங்கேருந்து ஹவாய்க்குக் குடிபோன குடும்பங்கள்ல, தலைமுறை மாற மாற இரைப்பை கேன்சர் குறைஞ்சுது, பெருங்குடல் கேன்சர் கூடுச்சு. அதே ரத்தம்தான். மாறினது சாப்பாடும் வாழ்க்கையும். இடம்னு நாம சொல்றது பெரும்பாலும் பழக்கத்தைத்தான்.

இப்போ மேப்பை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 'கேன்சர்'ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நோய் இருக்கு.

அய்சால்ல ஆண்களுக்கு முக்கியமா வர்றது இரைப்பை கேன்சர். அங்க அடுப்புக்கு மேல தொங்கவிட்டுப் புகை ஏத்தின இறைச்சி, புளிக்க வச்ச பன்றிக் கொழுப்பு எல்லாம் வழக்கமான சாப்பாடு. 'துய்புர்'னு ஒண்ணு இருக்கு. புகையிலைப் புகையைத் தண்ணிக்குள்ள செலுத்தித் தயாரிக்கிறது. அந்தத் தண்ணியை வாயில கொஞ்ச நேரம் வச்சுட்டுத் துப்புவாங்க. மிசோரத்துல நடந்த ஆய்வுகள் புகையிலையையும், புகையும் உப்பும் ஏறின உணவையும் இந்த நோயோட சேர்த்துத்தான் பேசுது.

ஷில்லாங் இருக்கிற கிழக்கு காசி மலை மாவட்டத்துக்குப் போனா, உணவுக்குழாய் கேன்சர். ஆண்கள்ல லட்சத்துக்கு 75.4. நாட்டிலேயே அதிகம். அங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கு முதல்ல கொடுக்கிறது 'க்வாய்', அதாவது பச்சைப் பாக்கும் வெத்தலையும் சுண்ணாம்பும். அதோட சிகரெட், பீடியும் சேருது. பொகையில இல்லாத வெறும் பாக்கே கேன்சரை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே சொல்லிடுச்சு. நம்ம கல்யாணப் பந்தி முடிஞ்சதும் தட்டுல வர்றதும் அதே பாக்குதான்.

அகமதாபாத்துக்குப் போனா வாய் கேன்சர். மாவா, குட்கா. நம்ம சென்னையில ஆண்களுக்கு நுரையீரல், இரைப்பை, வாய்னு மூணுமே முன்வரிசையில நிற்குது.

2016-17ல எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 15 வயசுக்கு மேல புகையிலை பயன்படுத்துறவங்க, ஆண், பெண் சேர்த்து, மிசோரத்துல 58.7 சதவீதம். இந்தியா முழுக்க 28.6. தமிழ்நாட்டுல 20. நாம பரவாயில்லைன்னு மார்தட்டிக்க வேண்டாம். அஞ்சு பேர்ல ஒருத்தர்னு அர்த்தம். உங்க ஆபீஸ் டீ பிரேக்ல எத்தனை பேர் கீழ இறங்கிப் போறாங்கன்னு எண்ணிப் பாருங்க. 2013ல தமிழ்நாட்டுல குட்காவுக்குத் தடை வந்துச்சு. அதுக்கப்புறமும் பெட்டிக்கடைகள்ல கேட்டா எடுத்துக் கொடுக்கிறதை நீங்களும் பார்த்திருப்பீங்க.

நோய் வர்றதுக்கும் சாகிறதுக்கும் நடுவுல இன்னொரு தூரம் இருக்கு. அது ஆஸ்பத்திரிக்கான தூரம். வடகிழக்குல இருந்து ரேடியேஷனுக்காக குவாஹாத்திக்கோ, கொல்கத்தாவுக்கோ, மும்பைக்கோ போறவங்க எவ்வளவோ பேர். ரேடியேஷன்னா வாரத்துல அஞ்சு நாள், ஆறேழு வாரம். தங்க இடம், கூட ஒரு ஆள், ரெண்டு பேருக்கும் கூலி கிடையாது. பாதியில திரும்பி வர்றவங்களை எப்படிக் குறை சொல்ல முடியும்? அஸ்ஸாம்ல மாநில அரசும் டாடா டிரஸ்ட்ஸும் சேர்ந்து மாவட்டங்கள்ல கேன்சர் ஆஸ்பத்திரிகள் கட்டுறாங்க. 2022 ஏப்ரல்ல ஒரே நாள்ல ஏழு திறந்தாங்க. அந்தத் தூரத்தைக் குறைக்கிற வேலை அது.

நம்ம பக்கத்துலயே நடந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லணும். திருவனந்தபுரம் மாவட்டத்துல 1996ல ஒரு ஆய்வு தொடங்கினாங்க. பயிற்சி கொடுத்த பணியாளர்கள், டாக்டர்கள் கிடையாது, வீட்டு வாசலுக்கே போய் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் வெளிச்சத்துல பார்த்தாங்க. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண்ணு இருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அவ்வளவுதான். 2005ல முடிவு வந்துச்சு: புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவங்கள்ல, இப்படிப் பார்க்கப்பட்ட பகுதிகள்ல வாய் கேன்சர் சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு. ஸ்கேன் இல்ல, லேப் இல்ல. ஒரு டார்ச்சும், வாயைத் திறன்னு சொல்ல ஒரு ஆளும்தான்.

என் பெரியப்பாவுக்கு அந்த அஞ்சு மாசத்துல வாயைத் திறன்னு சொல்ல யாரும் இல்ல. நாங்க எல்லாரும் அந்த வீட்டுக்குப் போயிருக்கோம். தீபாவளிக்குப் போனேன். காரமா எதுவும் சாப்பிட முடியலன்னு அவர் தயிர் சாதத்தை மட்டும் பிசைஞ்சுக்கிட்டு இருந்தார். நான் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். மொபைல்ல டார்ச் இருந்துச்சு. எனக்குக் கேட்கத் தோணல.

அதனால உங்ககிட்ட கேட்கிறது இதுதான். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, அப்பா, மாமா, சித்தப்பா, யாராவது பாக்கு, பொகையில போடுறவங்க இருந்தா, பக்கத்துல உட்கார்ந்து, "கொஞ்சம் வாயைத் திறங்க, பார்க்கிறேன்"னு சொல்லுங்க. திட்டுவாங்க, பரவாயில்ல. ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, வெள்ளையாவோ சிவப்பாவோ ஒரு திட்டு, வாயை முழுசாத் திறக்க முடியாம இருக்கிறது, இதுல எது இருந்தாலும் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கே விடணும்னு இருந்தா, 1800-11-2356, இது மத்திய அரசோட இலவசப் புகையிலை நிறுத்த உதவி எண்.

அப்புறம், பெரியம்மாகிட்ட இந்த எபிசோடுக்காகப் பேசினேன். அந்த இறப்புப் பதிவைப் பத்திக் கேட்டேன். "அவருக்கு என்ன நோய்னு எங்ககிட்ட யாருடா கேட்டாங்க?"ன்னு சொன்னாங்க.

கேட்போம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.