நாள் குறிக்காத அழைப்பு

(திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று பலிபீடத்தின் அருகே, பச்சை இலை வளையத்தில் முதல் மெழுகுதிரியை ஏற்றியிருக்கிறோம். இன்னும் மூன்று திரிகள் ஏற்றினால் கிறிஸ்து பிறப்பு விழா வந்துவிடும். டிசம்பர் 25 என்று நாள்காட்டியில் குறித்திருக்கிறது. துணி எடுப்பது எப்போது, குடில் கட்டுவது எப்போது, பலகாரம் சுடுவது எப்போது என்று நாமும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். நாள் தெரிந்த காத்திருப்பு இனிமையானது.

நாள் தெரியாமல் காத்திருக்கும் ஒரு மகளைப் பற்றி இன்று சிந்திப்போம்.

நாம் அறிந்த குடும்பம் அது. தந்தை ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மகள் விமானி ஆக வேண்டும் என்று சிறு வயது முதல் சொல்லிக்கொண்டிருந்தாள். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற, குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலையியல், வான்வழிச் செலுத்துதல், விமானப் போக்குவரத்து விதிகள் என்று தேர்வுகளும் உண்டு. பயிற்சிக்குப் பல இலட்சம் ரூபாய் ஆகும். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிற்று. அவளும் குறை வைக்காமல் படித்தாள், பறந்தாள், உரிமம் பெற்றாள்.

பிறகு ஒரு விமான நிறுவனத்தின் எழுத்துத் தேர்வு, மனத்திறன் தேர்வு, விமானத்தைப் போலவே அமைந்த பயிற்சிக் கூண்டில் செய்முறைத் தேர்வு, நேர்முகம். எல்லாவற்றிலும் தேறினாள். கடிதமும் வந்தது. தேர்வு பெற்றுவிட்டீர்கள், பயிற்சி வகுப்பில் இடம் வரும்போது அழைப்போம் என்று அதில் இருந்தது. இப்படித் தேறி நிற்பவர்களின் பட்டியலை விமானிகள் 'பூல்' என்கிறார்கள். புதிய விமானங்கள் வந்து சேர வேண்டும், பயிற்சிக் கூண்டு ஒழிய வேண்டும், பயிற்றுநர் கிடைக்க வேண்டும். அதுவரை பட்டியலில் இருக்க வேண்டியதுதான். கடிதத்தில் எல்லாம் இருந்தது, தேதி மட்டும் இல்லை.

கடிதம் வந்த ஞாயிறு நாமெல்லாம் கைகுலுக்கினோம். அடுத்த மாதம், "எப்போம்மா சேருறே?" என்று கேட்டோம். ஆறு மாதம் கழித்து, "இன்னுமா கூப்பிடல?" என்றோம். ஓராண்டு ஆனதும் அவள் தாயிடம், "பேசாம ஒரு மாப்பிள்ளையப் பாருங்களேன்" என்றோம். கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் இரண்டாம் திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். விடியற்காலைத் திருப்பலிக்கு வந்து, இறுதி ஆசீர் முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுகிறாள். ஆண்டவரைச் சந்திக்க வருகிறவள், நம்மைச் சந்திக்காமல் போக வழி தேடுகிறாள். இதை நாம் நம் மனச்சான்றில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்பானவர்களே, அவள் சும்மா இருக்கிறாள் என்று நினைத்தோம். அது உண்மையல்ல. விமானிக்கு உரிய முதல்தர மருத்துவப் பரிசோதனையை அவள் ஆண்டுதோறும் முடிக்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியையும் காலாவதியாக விடாமல் புதுப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும். அதனால் மாலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறாள். இரவில் பழைய பாடங்களை எடுத்துப் புரட்டுகிறாள். அழைப்பு நாளையே வந்தால் ஆயத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

வானத்திலும் ஒரு காத்திருப்பு உண்டு. இறங்கும் இடத்தில் இடியும் மழையுமாக இருந்தால், வரும் விமானங்களை வரிசையாக வட்டமிடச் சொல்வார்கள். ஒரு நிமிடம் நேராக, ஒரு நிமிடம் திரும்பி, மீண்டும் ஒரு நிமிடம் நேராக, ஒரு நிமிடம் திரும்பி, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம். ஒன்றின்மேல் ஒன்றாக, 1000 அடி இடைவெளி விட்டுச் சுற்றும். கீழே இருப்பது இறங்கினால் மேலே உள்ளது ஒரு படி தாழும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு, ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். விமானியோ வேகத்தையும் உயரத்தையும் எரிபொருளையும் பார்த்தபடி, கட்டுப்பாட்டு அறையின் குரலுக்குக் காது கொடுத்தபடி இருக்கிறார். இப்படிக் காத்திருக்க நேரும் என்பதால்தான் புறப்படும்போதே கூடுதல் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள்.

மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் சொல்லும் உவமையில், வீட்டுத் தலைவர் நெடும்பயணம் போகிறார். எப்போது திரும்புவார் என்று அவர் சொல்லவில்லை. மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் நேரத்திலோ, விடியற்காலையிலோ வரலாம். ஆனால் போகும்முன் ஒன்று செய்கிறார். ஒவ்வொரு பணியாளருக்கும் அவரவர் வேலையைப் பொறுப்பாகக் கொடுக்கிறார். வாயில்காப்போரை விழித்திருக்கச் சொல்கிறார். நாளைச் சொல்லாமல் போனவர், வேலையைச் சொல்லாமல் போகவில்லை. கிறிஸ்தவக் காத்திருப்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. நாள் அவருடையது. இன்றைய வேலை நம்முடையது.

"கட்டாயம் வேலை கிடைக்கும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று அந்த மகளிடம் சொல்லிவிட நமக்கு ஆசைதான். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. 2020 மார்ச் 25 அன்று நம் நாட்டில் உள்நாட்டு விமானங்கள் நின்றன, மே 25 அன்றுதான் மீண்டும் பறந்தன. அந்த இரண்டு மாதங்களை ஒரு மாதம் முன்னதாக யார் அறிந்திருந்தார்கள்? பட்டியல்கள் கலையலாம், நிறுவனங்கள் மூடலாம். நிறுவனத்தின் கடிதத்தை ஆண்டவரின் வாக்குறுதி ஆக்கிவிட்டால், கடிதம் பொய்க்கும் நாளில் விசுவாசமும் சேர்ந்து விழும். நம்முடைய ஆண்டவர் வாக்களித்தது, எந்நாளும் நம்மோடு இருப்பதாக. அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அவள் அவருடைய மகள். அந்த மாலை வகுப்பில் அவள் சொல்லிக் கொடுக்கும் பாடத்தை அவர் வீண் என்று எண்ணுவதில்லை.

உவமையில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேலைக்கு, திருமணத்துக்கு, குழந்தைக்கு, வெளிநாட்டு அனுமதிக்கு என்று நாள் தெரியாமல் காத்திருப்போர் நம் பங்கில் எத்தனையோ பேர். இந்தத் திருவருகைக் காலத்தில் அவர்களிடம் "இன்னுமா?" என்று கேட்காமல் இருப்போம். "இன்றைக்கு என்ன செய்தாய் அம்மா?" என்று கேட்போம். சொல்வதைப் பொறுமையாகக் கேட்போம். முடிந்தால், நம் வீட்டுப் பிள்ளையை அவளிடம் பாடம் படிக்க அனுப்புவோம்.

மன்றாடுவோம். ஆண்டவரே, நாள் தெரியாமல் காத்திருப்போருக்கு இன்றைக்கு வேண்டிய வலிமையை இன்று தாரும். அவர்கள் எங்கள் முன்வாயில் வழியாகவே வந்து போகும்படி, எங்கள் நாவைக் காத்தருளும். ஆமென்.