எந்த வாசலில் போய் உட்காருவது?

வைகுண்ட ஏகாதசி இரவில் ஸ்ரீரங்கத்துக்கு வந்திருக்கிறீர்களா? விடியற்காலையில் சொர்க்கவாசல் திறக்கும்வரை ஊரே விழித்திருக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில் அன்று பரமபத படம் விரிப்பார்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஏணி ஏறிப்போய் வைகுண்டத்தைத் தொடப்போகும் நேரத்தில், அதற்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பாம்பு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கொத்தினால் மறுபடியும் கீழே. தோற்றவர் தலையில் புளியங்கொட்டை எண்ணி வைப்பாள் என் பாட்டி. ஒருமுறை என் சித்தப்பா, "நாலணா வச்சு ஆடலாமா?" என்று கேட்டுவிட்டார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. படத்தைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

ஆட்டத்தில் காசு நுழைகிற அந்த இடத்தில் பாட்டியால் படத்தைச் சுருட்ட முடிந்தது. ஓர் ஊரால் முடியுமா என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கோவாவின் தலைநகர் பணஜியில் மாண்டவி ஆறு ஓடுகிறது. 1996இல் கோவா அரசு சட்டத்தைத் திருத்தி, கப்பலில் சூதாட்டம் நடத்த அனுமதி கொடுத்தது. கரையிலிருந்து பார்த்தால் விளக்கு அலங்காரத்தோடு அந்தக் கப்பல்கள் ஆற்றில் நிற்கும். பெண்கள் அமைப்புகளும் ஊர்க்காரர்களும் இவற்றை ஆற்றைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லி ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். ஆட்சிகள் மாறின. கப்பல்கள் நகரவில்லை. 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் அந்தச் சூதாட்டக் கூடங்களுக்குள் போகத் தடை வந்தது. சொந்த ஊர்க்காரனுக்கு ஆகாது என்று அரசே ஒப்புக்கொண்ட ஒன்று, வெளியூர்க்காரனுக்கு மட்டும் எப்படி ஆகும்? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு அந்த ஊர்க்காரர்களின் ஆற்றாமை புரியும். அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு எதிரே அப்படியொரு கப்பல் நின்றால் நாம் சும்மா இருப்போமா?

சிங்கப்பூரில் 2005இல் சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி என்று அறிவித்தபோது அங்கேயும் எதிர்ப்பு கிளம்பியது. ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் 2010இல் இரண்டு விடுதிகள் திறக்கப்பட்டன. எதிர்த்தவர்களின் குரல் முழுவதும் வீணாகவில்லை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். கணவன் சூதாடியே வீட்டை அழிக்கிறான் என்றால், மனைவி மனுக் கொடுத்து அவனை உள்ளே விடாதபடி தடை வாங்கலாம். இதை நான் பெரிய ஏற்பாடாக மதிக்கிறேன். ஆனால் வெளிநாட்டவருக்கு அந்த நுழைவுக் கட்டணம் கிடையாது. திருச்சி விமான நிலையத்திலிருந்து அங்கே கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போகிற நம் பிள்ளைகளும் வெளிநாட்டவர்கள்தான். அவர்களுக்கு அந்த வாசல் இலவசம்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே சூதாட்ட விடுதி கிடையாது. ஆனால் லாட்டரி இருந்தது. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசே தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார்கள். பேருந்து நிலையங்களில் கடை கடையாகச் சீட்டுத் தொங்கியதை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூலி வாங்கிய கையோடு நின்று சீட்டு வாங்கினவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அரிசி வாங்கினார்களோ! பின்னாளில் நம் ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜெயலலிதா, 2003இல் லாட்டரியைத் தடை செய்தார். பல கோடி வருமானத்தை ஓர் அரசு வேண்டாம் என்று விட்டது. அது துணிச்சலான காரியம். ஆனாலும் மூணு நம்பர் லாட்டரி என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிற வியாபாரம் ஒளிந்து ஒளிந்து தொடர்ந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே, மூன்று பெண் குழந்தைகளோடு, அந்த லாட்டரியால் வந்த கடனால் அழிந்துபோனது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடை என்று ஒன்று இருந்தால் எதிர்க்க வழி உண்டு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் அந்தக் கடைகளைக் குடியிருப்புகளுக்குள்ளும் கிராமங்களுக்குள்ளும் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள். ஆனாலும் பல இடங்களில் கடை திரும்பிப் போனது. எங்களைக் கேட்காமல் எங்கள் தெருவில் எப்படி வைத்தாய் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

இணையச் சூதாட்டத்துக்குத் தெரு இல்லை. எங்கள் பகுதியில் ஓர் அம்மா இருக்கிறார். பூக்கட்டிப் பிழைப்பவர். மகன் கைப்பேசியில் ரம்மி ஆடி, அவர் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தையெல்லாம் விட்டுவிட்டான். அவர் என்னிடம் கேட்டார்: "கடைன்னா வாசல்ல போய் உக்காந்துருவோம் சார். இதுக்கு எந்த வாசல்ல போய் உக்கார்றது?"

சட்டம் அந்த வாசலைத் தேடி அலைந்த கதை நீளமானது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2021இல் தமிழ்நாடு போட்ட சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். அதன்பின் மறுபடி சட்டம் கொண்டுவந்தார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்று மாநில ஆணையம் விதி வகுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் கட்டி ஆடுகிற எல்லா இணைய விளையாட்டையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றமே நிறைவேற்றிவிட்டது.

அந்தப் பூக்காரம்மாவின் மகன் இப்போது வேறொரு செயலியில் ஆடுகிறான். யாரோ அனுப்பிய இணைப்பு வழியாக வந்ததாம்.

சட்டம் வேண்டும்தான். அதோடு சிங்கப்பூர் மனைவிக்கு இருப்பதுபோல் மனுக் கொடுக்க ஓர் இடமும் வேண்டும். திங்கட்கிழமை தோறும் திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று மக்கள் மனுவோடு வருகிறார்கள். அங்கே இதற்கென்று தனியாக ஒரு மேசை போட வேண்டும். எந்தச் செயலி, எந்தக் கணக்குக்குப் பணம் போனது, யார் கடன் கொடுத்து மிரட்டுகிறார்கள் என்று குடும்பத்தார் சொன்னால், காவல்துறையிடமும் வங்கியிடமும் அந்த மேசையே பேச வேண்டும். தாயாக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும் மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை அந்த அம்மாவோடு நானும் போகிறேன். மனு எழுதி முடித்துவிட்டோம். கையெழுத்துப் போடும்போது, மகனுக்கு இதனால் ஏதும் கேடு வந்துவிடாதே என்று மூன்று முறை கேட்டுக்கொண்டார்.