பேசும் பெட்டியும் அதன் வலுவும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திற் செய்த பேச்சு)



மேசையில் மூடி கழற்றிய பெட்டியும் திருகாணிகளும் கிடப்பதைக் கண்டு, "இன்று பேச்சா, கடை விரிப்பா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். இரண்டும் என்றே வைத்துக்கொள்ளலாம். பேசவும் கேட்கவும் ஆன வானொலிப் பெட்டிகளைத் திருத்துவது பற்றிச் சொல்லும்படி செயலாளர் பணித்தார். திருத்தியதைவிட நாம் கெடுத்ததைப் பற்றியே கூடுதலாகச் சொல்ல நேரும். பொறுத்தருள வேண்டும்.

திருக்கோணமலையிலே வானொலியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கைக்குத் தெற்கே வெகுதூரத்தில் ஜப்பானியக் கடற்படை வருவதைக் கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் கண்டார். அவருடைய விமானத்திலிருந்து செய்தி அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும்போதே குண்டு பட்டுக் கருவி நொறுங்கியது. எனினும் செய்தி கரை சேர்ந்துவிட்டது. மறுநாள் கொழும்பும், 9ஆம் திகதி நமது துறைமுகமும் தாக்கப்பட்டன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது தொலைபேசிகள் பேச்சிழந்தன. அப்பொழுது இலங்கை வானொலிச் சங்கத்தினர் ஹம்பாந்தோட்டைக்குச் சிற்றலைப் பெட்டிகளைக் கொண்டுசென்று கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினர். அந்தமானில், பொழுதுபோக்கு வானொலிக்காகப் போட் பிளேயர் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையார் தம் நிலையத்தையே மக்களுக்குச் செய்தி சொல்லும் நிலையமாக்கினார். இத்தகைய பெட்டிகளின் வலு பெரும்பாலும் 100 வாற்றுக்கு மேற்போவதில்லை. பழைய மின்குமிழ் ஒன்று எரிய வேண்டிய வலு அவ்வளவுதான்.

இதை அறிந்திருந்தும் நாம் பிழைவிட்டோம்.

இலங்கைத்துறை முகத்துவாரப் பக்கத்துத் தோணிக்காரர் ஒருவர், தமது பழைய 27 மெகாஹேட்ஸ் பெட்டியைச் சென்ற ஆண்டு விடுமுறையில் எம்மிடம் கொண்டுவந்தார். இவ்வகைப் பெட்டிகளை அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டு பொதுமக்கள் பாவனைக்கு விட்டார்கள். வலு 4 வாற்று. "தம்பி, இதுக்குச் சத்தம் காணாது. நான் கூப்பிட்டால் கரைக்குக் கேட்குதில்லை. கொஞ்சம் கூட்டித் தாங்கோ" என்றார். பல்கலைக்கழகத்திலே இரண்டு வருடம் பௌதிகம் படித்த இறுமாப்பு எமக்கு. எங்கே பழுது என்று பார்க்கவேயில்லை. ஒலிவாங்கியின் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதியை வெட்டிவிட்டோம். வெளியே ஒரு பெருக்கியையும் பூட்டினோம். மானியில் முள் துள்ளியது, நாமும் துள்ளினோம்.

பத்து நாள் கழித்து வேறொரு மீனவர் எம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அவர் வாய் திறந்தால் பக்கத்து நாலு அலைவரிசையிலும் நாங்கள் ஊமை" என்றார். அவர் மகனின் படகு எஞ்சின் நின்று, நண்பகல் தொடங்கி மாலைவரை நீரோட்டத்தில் இழுபட்டிருக்கிறது. அவன் கூப்பிட்டதை எவரும் கேட்கவில்லை. தற்செயலாக அவ்வழி வந்த படகொன்று கயிறு போட்டு இழுத்து வந்ததாம். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்றால், எமது பெருக்கி குரலைப் பெருக்குவதற்குரிய முறையில் ஒழுங்குசெய்யப்படவில்லை. பற்றரியும் அதற்குப் போதிய மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமற் சோர்ந்தது. அலையின் தலைகள் வெட்டுண்டு, சேறு தெறிப்பதுபோல அக்கம்பக்கத்து மீடிறன்களிலெல்லாம் தெறித்தன. அதுமட்டுமன்று. 27 மெகாஹேட்ஸின் நான்கு மடங்கு 108; ஐந்து மடங்கு 135. விமானங்கள் தரையிறங்க வழிகாட்டும் சைகைகளும் விமானிகளின் பேச்சும் அந்த மீடிறன்களையொட்டியே உள்ளன. வடிகட்டி இல்லாத பெருக்கி அங்கும் கை நீட்டும். சீனன்குடாவில் விமான நிலையத்தை வைத்துக்கொண்டு நாம் செய்த வேலை இது!

பெருக்கியைக் கழற்றினோம். வெட்டியதை ஈயப்பற்று வைத்து மீண்டும் ஒட்டினோம். பிறகுதான் ஏரியலைப் பார்க்கத் தோன்றிற்று. செருகியைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு. கேபிளின் செப்புப் பின்னல் உப்புநீர் உறிஞ்சிக் கரிபோலக் கறுத்திருந்தது. பெட்டியிலிருந்து 4 வாற்று புறப்பட, ஏரியலுக்கு 1 வாற்றுக்கூடப் போய்ச் சேரவில்லை. புதிய கேபிள் போட்டு, செருகியை ரப்பர் நாடாவாற் சுற்றி, கால் அலை நீளமாகிய இரண்டே முக்கால் மீற்றர்க் கம்பியை அணியத்திலே உயர்த்திக் கட்டினோம். கரையிலிருந்து அவருக்குப் பதில் வந்தது.

இங்கே ஒரு கணக்கு. கேட்பவரின் பெட்டியில் முள் ஒரு படி ஏற, பேசுபவர் வலுவை நான்கு மடங்காக்க வேண்டும். 4 வாற்றை 16 ஆக்கினால் ஒரே ஒரு படி! அந்தப் படியை எமக்குத் தந்தது ஒரு புதிய கேபிள். மேலும், பெருக்கி வாயைத்தான் பெரிதாக்கும், காதைப் பெரிதாக்காது. நல்ல ஏரியல் இரண்டுக்கும் உதவும். பதில் கேட்காதவன் மேலும் மேலும் கத்துவான், பக்கத்துப் படகும் தன் பங்குக்குக் கத்தும்.

பொழுதுபோக்கு வானொலிக்காரரின் பெட்டிகளில் ஒரு டயோட்டை வெட்டினால் எந்த மீடிறனிலும் பேசலாம் என்று தம்பிமார் சிலர் காதோடு காதாகச் சொல்கிறார்கள். பல பெட்டிகளில் உண்மைதான். ஆனால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதித்த மீடிறனையும் வலுவையும் மீற எமக்கு உரிமை இல்லை. பெட்டி வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமாயிருந்த காலத்தைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கைவேலை காட்ட விரும்புவோர், பழைய 27 மெகாஹேட்ஸ் பெட்டியை 28 மெகாஹேட்ஸுக்கு மாற்றி, பரீட்சை எழுதி அனுமதி பெற்றுப் பேசலாம். அது நல்ல வேலை. வெளிநாடுகளில் பலர் செய்திருக்கிறார்கள்.

இந்த மேசையிலிருப்பது, வாசலில் வந்து நின்றாரே, அந்த மீனவரின் பெட்டி. திருத்தித் தரும்படி எம்மிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இன்னும் நாம் எதையும் வெட்டவில்லை. அந்த விளக்கைச் சற்று இப்பக்கம் திருப்பினால், விருப்பமுள்ளவர்கள் கிட்ட வந்து பார்க்கலாம். முதலிற் செருகியைத் திறப்போம்.