அன்னாள் தைத்த சின்னச் சட்டை



பிள்ளையோடு இருக்க நேரம் கிடைக்காத தாயைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். விடியுமுன் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடிய தாய்மார்களை நான் நன்கு அறிவேன். "பிள்ளையை வளர்க்க எங்களுக்கு ஏது ஐயா நேரம்?" என்று அவர்கள் கேட்டபோதெல்லாம் நான் பதிலின்றி நின்றிருக்கிறேன்.

விவிலியத்தில் சாமுவேலின் முதலாம் நூல் ஒரு தாயின் கதையோடு தொடங்குகிறது. மகனோடு வாழ அவளுக்குக் கிடைத்த காலம் இன்னும் குறைவு. அவள் பெயர் அன்னாள்.

ராமா என்னும் ஊரில் எல்க்கானா என்பவருக்கு இரண்டு மனைவியர். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், அன்னாளுக்கு இல்லை. ஆண்டுதோறும் குடும்பமாகச் சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போகும்போது மூத்தாள் இளையாள் சண்டைதான். பெனின்னாள் குத்திப் பேசுவாள். அன்னாள் சாப்பிடாமல் அழுவாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலல்லவா என்று கணவர் தேற்றுவார். நல்ல மனிதர்தான். ஆனால் பெண்ணின் துயரம் அந்தப் பேச்சில் ஆறுமா?

ஒருநாள் அவள் ஆலயத்தில் நின்று மன்றாடினாள். பிள்ளை பிறந்தால் அவனை ஆண்டவருக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வாசலருகே உட்கார்ந்திருந்த ஏலி என்னும் முதிய குரு, குடித்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டார்.

நானும் ஒருமுறை ஏலியைப் போலத் தவறு செய்தவன். மாணவன் ஒருவனின் தாயார், ஒட்டுப்பால் வாடை மாறாத உடுப்போடு பள்ளி வாசலில் வந்து நிற்பார், ஒன்றும் கேட்கமாட்டார், போய்விடுவார். மகன் படிப்பில் அக்கறையற்றவர் என்று நினைத்து, ஒருநாள் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். "எனக்கு எழுத்துத் தெரியாது, வாத்தியாரையா. ராத்திரி விளக்கு வச்சுக் கும்பிட்டதும் அவன் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவேன். சிவப்பு மை எத்தனை இடத்துல இருக்குன்னு எண்ணுவேன். குறைஞ்சிருந்தா சாமிக்குச் சொல்லுவேன்" என்றார். எனக்கு நா எழவில்லை.

அன்னாளும் கோபிக்கவில்லை, தலைகுனிந்து திரும்பிவிடவுமில்லை. நான் குடிக்கவில்லை, மனத்திலுள்ளதைக் கொட்டுகிறேன் என்று மரியாதையாகச் சொன்னாள். ஏலி அவளை வாழ்த்தி அனுப்பினார்.

சாமுவேல் பிறந்தான். அடுத்த ஆண்டு எல்லாரும் சீலோவுக்குப் புறப்பட்டபோது, பால் மறக்கும்வரை நான் வரமாட்டேன் என்று அன்னாள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். யூதத் தாய் ஒருத்தி மகனுக்கு மூன்றாண்டு பாலூட்டியதாக மக்கபேயர் நூலில் ஒரு செய்தி உண்டு. அன்னாளுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைத்திருக்கும். நாள் எண்ணப்பட்டது என்று தெரிந்து, அதில் ஒன்றையும் அவள் வீணாக்கவில்லை. அவளுடைய அறிவு இதில்தான் விளங்குகிறது என்பேன்.

பிறகு நேர்ந்தபடியே பிள்ளையைக் கொண்டுபோய் ஏலியிடம் விட்டாள். அந்த ஆலயமோ பிள்ளை வளர ஏற்ற இடமல்ல. ஏலியின் மக்கள் ஓப்னி, பினெகாஸ் இருவரும் மக்கள் செலுத்தும் பலி இறைச்சியை மிரட்டிப் பிடுங்கித் தின்றவர்கள், ஒழுக்கம் கெட்டவர்கள். தந்தை கண்டித்தார், தடுக்கவில்லை. பால்மணம் மாறாத பிள்ளை அவர்கள் நடுவே வளர்ந்தான். நம் பிள்ளைகளை வெளியூரில் படிக்க விட்டுவிட்டு வயிற்றில் நெருப்போடு இருக்கிறோமே, அதே நிலைதான்.

அவள் என்ன செய்தாள்? ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். விவிலியம் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. எனக்கோ அந்த வரியைத் தாண்ட மனம் வருவதில்லை. அளவு எடுக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. போன ஆண்டு தோள்வரை இருந்தான், இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்திலேயே அளந்துதானே தைத்திருக்க வேண்டும்? பிள்ளையை நினைக்காமல் ஒரு தையல்கூடப் போட்டிருக்க முடியாது. கை தைக்க, உதடு முன்போலவே சத்தமின்றி அசைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டிலேயே வளர்ந்தும் சாமுவேல் கெடவில்லை. இரவில் தன்னை யாரோ கூப்பிடுவது கேட்டு, பெரியவர்தான் அழைக்கிறார் என்று மூன்று முறை எழுந்து ஓடினானாம். பின்னாளில் அவரே மக்களுக்கு நீதி சொல்பவரானார். அன்னாளுக்கு மேலும் மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தனர்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சாமுவேலின் சொந்த மக்கள் லஞ்சம் வாங்கினார்கள். பாட்டி செய்த ஜெபம் பேரனுக்குச் சொத்தாகப் போய்ச் சேருவதில்லை போலும்; அவரவர் வீட்டில் அவரவர்தான் முழந்தாளிட வேண்டியிருக்கிறது.

நான் சொன்ன அந்தத் தாயாரின் மகன் இடைநிலைப் பள்ளிக்காகப் பட்டணத்து விடுதிக்குப் போனான். மாதத்துக்கு ஒருமுறை அம்மா பஸ் ஏறிப் போய் அவனைப் பார்ப்பார். கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவனுடைய பயிற்சிப் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவாராம்.