ஏறும்போது தக்பீர், இறங்கும்போது தஸ்பீஹ்

  

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளின் பேச்செல்லாம் மலையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஞாயிறன்று ஃபஜ்ரு தொழுதுவிட்டுச் சேலத்திலிருந்து இருசக்கர வாகனங்களில் ஏற்காட்டிற்குப் புறப்படுகிறார்கள். சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம், இருபது கொண்டை ஊசி வளைவுகள், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5000 அடி உயரம். வசதியுள்ள குடும்பத்தார் காரில் செல்கின்றனர். இன்னும் துணிவுள்ள வாலிபர்கள் லடாக் வரை சென்று, கணவாயின் உச்சியில் நின்று படம் எடுத்து அனுப்புகின்றனர்.

"இப்படி மலைமலையாகச் சுற்றுவது வீண் விரயமல்லவா?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். அப்படி நான் கருதவில்லை. பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அன்பியா அத்தியாயத்தின் 31ஆம் வசனம், பூமியில் உறுதியான மலைகளை அமைத்ததைச் சொன்ன கையோடு, மக்கள் வழியறிந்து செல்வதற்காக அவற்றிடையே விசாலமான பாதைகளை ஏற்படுத்தியதையும் ஓர் அருட்கொடையாகச் சொல்லிக் காட்டுகிறது. அங்கே வரும் 'ஃபிஜாஜ்' என்னும் சொல்லின் ஒருமை 'ஃபஜ்ஜு'. இரு மலைகளுக்கு இடையே செல்லும் அகன்ற வழி, அதாவது கணவாய், என்பது அதன் பொருள். ஹஜ்ஜுக்கு மக்கள் தொலைதூரக் கணவாய்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் வருவார்கள் என்று ஹஜ் அத்தியாயம் கூறுமிடத்திலும் இதே சொல்தான். மலையைத் தடையாக மட்டும் அல்லாஹ் படைக்கவில்லை. அதனூடே வழியையும் வைத்தான். அந்த வழியில் எப்படிச் செல்கிறோம் என்பதே கேள்வி.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம், மதரஸாவின் பெரிய மாணவர்களைக் கிளியூர் நீர்வீழ்ச்சிக்கு அழைத்துச் சென்றேன். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரம். வண்டி ஓரிடத்தில் நின்றுவிடும். கடைசிப் பகுதியை நடந்துதான் இறங்க வேண்டும். ஈரப்பாறையும் பாசியும் காலை வாருகின்றன. புறப்படுமுன் மாணவர்களுக்கு ஒரு ஹதீஸை நினைவூட்டினேன். ஸஹாபாக்கள் பயணத்தில் மேட்டில் ஏறும்போது 'அல்லாஹு அக்பர்' என்றும், பள்ளத்தில் இறங்கும்போது 'ஸுப்ஹானல்லாஹ்' என்றும் கூறுவார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

ஒரு மாணவன், "ஏன் ஹஜ்ரத், ஏறும்போதுதானே மூச்சு வாங்குது, அப்போ எதுக்குத் தக்பீர்?" என்று கேட்டான். உயரத்தில் நிற்பவனுக்குத் தான் பெரியவன் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். அப்போது அல்லாஹ்வே மிகப் பெரியவன் என்பது அவன் நாவில் இருக்க வேண்டும் என்றேன். இறக்கத்திலோ, தாழ்வு என்பது நமக்குரியது, இறைவன் அதனின்று தூயவன் என்ற உணர்வு வேண்டும். உலமாக்கள் இவ்வாறே விளக்கம் தந்துள்ளனர். ஆனால் சகோதரர்களே, அந்த விளக்கத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனம் வேறோர் இறக்கத்தில் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பிள்ளை, பத்தொன்பது வயது, நண்பர்களோடு ஏற்காடு செல்லுமுன் என்னிடம் வந்து துஆ செய்யச் சொன்னான். வாகனத்தில் ஏறும் துஆவை ஓதிக் கொடுத்தேன். பத்திரமாகப் போய் வா என்றேன். மாலையில் இறங்கும்போது, பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் வந்திருக்கிறான். வளைவுக்கு மேல் வளைவாகப் பிரேக்கை மட்டும் அழுத்தி அழுத்தி, ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மறுநாள் ளுஹருக்குப் பின் அவனுடைய ஜனாஸா தொழுகையை நானே நடத்தினேன். கப்ருஸ்தானிலிருந்து திரும்பும் வழியில் அவன் தகப்பனார், கோபமின்றி, "ஹஜ்ரத், நீங்க துஆ ஓதித்தானே அனுப்பி வச்சீங்க?" என்றார்.

அஜல் வந்துவிட்டால் ஒரு நொடியும் பிந்தாது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத் அல்லவா நாம்? துஆவை ஓதிக் கொடுத்த நான் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். மிம்பரில் கியரைப் பற்றிப் பேசுவதா என்று எவரும் நினைக்க வேண்டாம்.

தொடர்ந்து அழுத்தப்படும் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். ஆகவே மலையிறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியது முதலில் எஞ்சின். பிரேக் அதற்குத் துணைதான். எந்தக் கியரில் ஏறினீர்களோ ஏறத்தாழ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலும் கூடாது, எஞ்சினை அணைத்தலும் கூடாது. கியரில்லாத ஸ்கூட்டர்களில் எஞ்சினின் இழுத்துப்பிடிக்கும் சக்தி குறைவு. மனைவியையும் இரு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அதில் மலையிறங்குவோர், தொடக்கத்திலிருந்தே மெதுவாக வந்து, பாதுகாப்பான இடங்களில் நிறுத்தி, பிரேக் ஆறிய பின் புறப்படட்டும். அரைமணி நேரம் தாமதமானால் என்ன குறைந்துவிடும்?

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று வளைவில் கவிழ்ந்து பலர் உயிரிழந்ததை நாம் அறிவோம். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையால் அம்மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. பெருமழை நாளில் மலையேறாமல் வீட்டில் இருப்பவனைக் கோழை என்று எவரும் சொல்ல முடியாது.

இன்னொன்று. குறுகலான மலைச்சாலையில் இரு வாகனங்கள் எதிர்ப்பட்டால், இறங்கி வருபவர் ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டின் சாலை விதி. ஏறுகிறவன் பாரத்தை இழுத்துக்கொண்டு வருகிறான்; நின்றால் மீண்டும் நகர்த்துவது கடினம். இந்த விதியை நான் அறிந்தபோது எனக்கு பலத் அத்தியாயம்தான் நினைவுக்கு வந்தது. அதில் அல்லாஹ் 'அல்அகபா' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறான். செங்குத்தான மலைவழி, ஏறுவதற்குக் கடினமான கணவாய் என்பது அதன் பொருள். மனிதன் அதைக் கடக்கத் துணியவில்லையே என்று கூறி, அந்தக் கணவாய் எதுவென்று உமக்குத் தெரியுமா என்றும் கேட்டுவிட்டு, அவனே விடை சொல்கிறான்: அடிமையை விடுதலை செய்வது, பசி மிகுந்த நாளில், உறவினனான அநாதைக்கோ மண்ணில் கிடக்கும் ஏழைக்கோ உணவளிப்பது. மலையைக் கடப்பவன் தன்னோடு யாரை ஏற்றிவிடுகிறான் என்பதே அங்கே கணக்கு.

1333ஆம் ஆண்டு வாக்கில் இப்னு பதூதா இந்துகுஷ் மலையைக் கடந்து இந்தியாவுக்கு வந்தார். ஒட்டகங்கள் பனியில் புதைந்துவிடாதபடி அவற்றின் முன்னே கம்பளங்களை விரித்து நடத்தியதாக எழுதியுள்ளார். அவ்வழியே கொண்டு செல்லப்பட்ட அடிமைச் சிறுவர் சிறுமியர் பலர் கடுங்குளிரில் மாண்டனர் என்றும், அம்மலையின் பெயருக்கே அதுதான் காரணம் என்றும் குறிப்பிடுகிறார். பலத் அத்தியாயத்தை ஓதிய சமுதாயத்தார் ஆண்ட நிலத்தில், ஓர் உண்மையான கணவாயில், இப்படி நடந்திருக்கிறது. இதை மறைப்பதில் நமக்கு எந்தக் கண்ணியமும் இல்லை.

இன்று அடிமைகள் இல்லை, பலவீனர்கள் இருக்கிறார்கள். லடாக்கின் லே நகரமே சுமார் 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கர்துங் லா கணவாய் அதற்கும் மேலே, 5300 மீட்டருக்கு அதிகம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். லேயில் குறைந்தது இரண்டு நாட்கள் தங்கி உடல் பழகிய பின்பே மேலே செல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவனுக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டால், அவனைக் கேலி செய்யாமல் கீழே இறக்குங்கள். மூவர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இது. தாயிஃப் மக்களுக்கு இமாமாக உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களை நியமித்தபோது, அவர்களில் மிகப் பலவீனமானவரைக் கருத்தில் கொண்டு தொழுவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தாயிஃபும் ஒரு மலையூர்தான். தொழுகைக்கே அப்படியென்றால் பயணத்திற்குச் சொல்லவா வேண்டும்?

குளிரைக் குறித்தும் ஒரு சலுகையை அறிந்து செல்லுங்கள். ஒரு படைப் பயணத்தில் கடுங்குளிர் இரவொன்றில், குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சிய அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். நபியவர்கள் விசாரித்தபோது, உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்ற கருத்துடைய இறைவசனத்தைக் காரணமாகக் கூறினார்கள். நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

சலுகை என்றதும் நம் வாலிபர்களின் வழக்கமான கேள்வி: "ஏற்காட்டில் கஸ்ரு செய்யலாமா?" சேலத்திலிருந்து செல்பவருக்கு இல்லை தம்பி! முப்பது கிலோமீட்டரில் பயணத் தொழுகை கிடையாது. நான்கு ரக்அத்தையும் தொழுதுவிட்டு வாருங்கள். கிளியூரில் தொழ விரிப்பு விரிக்குமுன் அந்த இடத்தில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிவிடுங்கள். எங்கள் மாணவர்கள் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினார்கள். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்றல்லவா?

நாளை சனிக்கிழமை அஸ்ருக்குப் பின், மெக்கானிக் தொழில் செய்யும் நம் சகோதரர்கள் இருவர் பள்ளிவாசல் வளாகத்தில் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். பிரேக், டயர், கிளட்ச் ஆகியவற்றை இலவசமாகப் பார்த்துத் தருவார்கள். மலைக்குச் செல்லும் பிள்ளைகள் வண்டியை அங்கே கொண்டு வாருங்கள். துஆவும் அங்கேயே ஓதுவோம். அந்தத் தகப்பனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.