லயத்து வாசலையும் படமெடுங்கள்



1995-இல் புத்ராஜெயாவின் கட்டுமானம் தொடங்கியது. பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மேடிங்லி என்ற நான்கு தோட்டங்கள் அந்நகருக்கு இடம் கொடுத்தன. நம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்தால் தீமிதி, காவடி, கல்யாணப் படங்கள் கிடைக்கும். லயத்து வாசலை எடுத்தவர் எத்தனை பேர்? அன்று பிலிம் விற்ற விலைக்குக் குறை சொல்வதற்கில்லை.

இன்றும் செம்பனைக்கு நடுவே ஆளற்ற லயங்கள் நிற்கின்றன. சாமியைப் பாலாலயம் செய்து புதுக் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். ஆயாக்கொட்டகையையும் பெரட்டுக் களத்தையும் கொண்டுபோக முடியுமா? புல்டோசர் வருமுன் அனுமதி கேட்டுப் போய் எடுங்கள். கூரை இற்றிருக்கும், உள்ளே நுழையாதீர்கள். அங்கே பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த வாசல் யாருடையது என்று அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள்.